நாளை மாலை மறு ஆட்டம்

1

சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பேத்தி ரியாவோடு எங்கள் ஊர் மைதானத்துக்குக் கால்பந்து பார்க்கப் போனேன். எங்கள் ஊர் என்று இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் ஒரு செங்கல் நகரத்தைச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் இதைப் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குப்பைத்தொட்டிக்குக்கூட வரி கட்டிய ஊரைத் தன் ஊர் என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டு.

அன்று நடந்தது இந்த நாட்டின் பழைய கோப்பைப் போட்டியில் ஒரு சுற்று. தோற்றால் அந்த வருடத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எதிரணி, கீழ்ப்பிரிவில் ஆடும் ஒரு சின்ன கிளப். அவர்களுடைய ஆட்கள் பேருந்து பிடித்து, தொண்டை வறளக் கத்திக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் கிளப்போ, தொலைக்காட்சியில் வாராவாரம் பார்க்கிற முகம் ஒன்றைக்கூடக் களத்தில் இறக்கவில்லை. நின்ற பையன்களில் பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தோற்றோம். தோற்ற பிறகு பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து, இனி லீக்கில் முழுக் கவனம் செலுத்தலாம் என்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளி சொன்ன தேதிக்கு முன்பே கிளம்பிவிட்டால் நம் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

நான் உம்மென்று நடந்துவந்தேன். ரியா என் கையைத் தட்டி, "விடுங்க தாத்தா, கப்தானே," என்றாள். அவள் தமிழ் பேசுவது பெரும்பாலும் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்போதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் சங்கங்களைப் பதிவு செய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். மனைவி ஞானத்துக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவள் பின்னால் விமானம் ஏறினேன். பிறகு இந்த நகராட்சியில் உரிமம் வழங்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். அங்கே தட்டச்சு, இங்கே கணினி. மற்றபடி மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிற மனிதன் இரண்டு நாட்டிலும் ஒருவன்தான். விதி என்ன சொல்கிறது என்று கேட்க மாட்டான், விதியில் சந்து எங்கே என்று கேட்பான். ஆகவே எனக்குச் சந்தேகம் ஓய்வூதியத்தோடு சேர்ந்தே வந்தது.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஓர் அமைப்பைப் பற்றி மேடையில் 'பாரம்பரியமிக்க' என்று பேசத் தொடங்கிவிட்டால், அதன் கதவுக்குப் பூட்டு தயாராகிவிட்டது என்று பொருள். பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரன் சொன்னால் நம்பலாம். இந்தக் கோப்பையைப் பற்றியும் இங்கே எல்லாரும் பாரம்பரியம் என்கிறார்கள். சொல்லிக்கொண்டே, பெரிய கிளப்புகளுக்கு இடைஞ்சலாக இருப்பதை ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுக்கிறார்கள். முன்பெல்லாம் ஆட்டம் சமனில் முடிந்தால் மறு ஆட்டம் உண்டு. இப்போது அதையும் ஒழித்துவிட்டார்கள். வீரர்களுக்கு அலுப்பாம்.

2

மறுநாள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபோது திண்டுக்கல்லில் இருந்து சவரிமுத்து கூப்பிட்டார். ஞானத்தின் அண்ணன், எனக்கு மச்சான்.

"மாப்ள, நம்ம கப்பைத் திரும்ப நடத்தப் போறோம்."

"எந்தக் கப்பு?"

"எந்தக் கப்பா? பீரோ நெறையவா வச்சிருந்தோம்? இருந்தது ஒண்ணு. அதுக்கும் ஒரு காது இல்ல."

மலைக்கோட்டை தெரிகிற மைதானத்தில் கோடை விடுமுறையில் நடந்துவந்த சுழற்கோப்பைப் போட்டியைத்தான் சொல்கிறார். தோல் பதனிடும் ஷாப் தெருக்களில் இருந்து அணிகள் வரும். ரயில்வே அணி, பூட்டுப் பட்டறை அணி, பங்குக் கோயில் இளைஞர் அணி, நத்தம் பக்கத்தில் இருந்து மாங்காய் லாரியில் ஏறி வந்து இறங்கும் ஓர் அணி. நான் பந்தைத் தொட்டவன் இல்லை. கூட்ட நடவடிக்கைகளைப் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் என்னைக் குழுவில் வைத்திருந்தார்கள். சவரிமுத்து அப்போது ஒரு பூட்டுப் பட்டறையில் இருந்தார், ஓடவும் செய்வார். இப்போது மின்சாமான் கடை வைத்திருக்கிறார், மூட்டுவலியும் வைத்திருக்கிறார்.

அந்தக் கோப்பை எப்படிச் செத்தது என்பது எனக்குத் தெரியும். யாரும் கொல்லவில்லை. நாகரிகம் கொன்றது. எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இறுதியாட்டம் சமனில் முடிந்தால் இரு அணியும் கூட்டு வெற்றியாளர்கள், கோப்பை ஆறு மாதம் இவர்களிடம், ஆறு மாதம் அவர்களிடம். கேட்பதற்குச் சகோதரத்துவமாக இருக்கும். நடப்பில், முதலில் வாங்கிப்போனவன் திருப்பித் தர மாட்டான். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறோம் என்பான். போடுகிற பாலிஷுக்கு அது தங்கமாகியிருக்க வேண்டும்.

அதைவிட மோசம், ஆடுகிறவர்கள் கணக்குப் படித்துக்கொண்டதுதான். சமனாக இருந்தால் இரண்டு தெருவிலும் வெடி போடலாம். எதற்குக் கடைசி இருபது நிமிடம் வேகாத வெயிலில் ஓடுவது? பந்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. வேர்க்கடலை விற்பவர்தான் முதலில் வருவதை நிறுத்தினார். பிறகு தலைமை விருந்தினருக்கு நேரமாகிறது என்று பெனால்டி வைத்தார்கள். அணிகள் குறைந்தன. பிறகு கோடை மட்டும் வந்தது, போட்டி வரவில்லை.

3

"யாரு காசு போடுறது?" என்று கேட்டேன். சங்கப் பதிவில் எப்போதும் முதல் கேள்வி அதுதான்.

"ஒட்டன்சத்திரத்துல மண்டி வச்சிருக்காரே, செல்லமுத்து. அவரு."

கேரளாவுக்குக் காய்கறி லோடு அனுப்பி அனுப்பி, அங்கே கால்பந்துக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டவராம். ஒரு வாரத்தில் அவரே வீடியோ அழைப்பில் வந்தார். பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள் மலைபோல் இருந்தன.

"ஏனுங்க சார், அந்தக் கப்பு ரொம்பச் சின்னதுங்க. ஆளு ஒசரத்துக்கு ஒண்ணு செஞ்சுபோடலாமுங்க."

"ஆளு உயரத்துக்குச் செஞ்சா எப்படித் தூக்குறது? ஜெயிச்சவன் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கவா?"

"போட்டோவுக்கு எடுப்பா இருக்குமுங்க. அப்பறம் சென்னையில ஒரு கவர்மெண்ட் டிபார்ட்மெண்ட் டீம் பேசி வச்சிருக்கறனுங்க. அவுங்கள நேரா செமி ஃபைனல்ல எறக்கிரலாமுங்க. பெரிய ஆளுங்களக் கூட்டியாந்து மொத ரவுண்டுல நம்ம பசங்களோட ஆடுன்னா நல்லா இருக்குமுங்களா?"

"ஏன் ஆடக்கூடாது?"

"தோத்துட்டா?"

"தோத்தா ஊருக்குப் போகணும். அதுக்குப் பேர்தான் கப்பு."

அவர் உடனே சரிங்க என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளை நான் நம்புவதில்லை. விதிகளை எழுதும் பொறுப்பை வாங்கிக்கொண்டு, இரண்டு விஷயங்களை ஆணி அடித்து வைத்தேன். எந்த அணியும் முதல் சுற்றில் இருந்துதான் ஆட வேண்டும். இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமனாக இருந்தால் பெனால்டி கிடையாது, கூட்டு வெற்றி கிடையாது, மறுநாள் மாலை மறு ஆட்டம், வராத அணி தோற்ற அணி. கோப்பைக்கு மதிப்பு அதன் உயரத்தில் இல்லை. அதற்காக ஒருவன் எவ்வளவு இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. இதை இங்கே யாரிடம் சொன்னாலும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

மேல்முறையீட்டுக் குழுவுக்கு என்னையே தலைவராகப் போட்டார்கள். அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க, கடல் தாண்டி ஒருவன் எதற்கு?

"உங்க வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திக்கிட்டு எவனும் கெஞ்ச முடியாதுல்ல மாப்ள, அதுக்குத்தான்," என்றார் சவரிமுத்து.

அவருக்கு இதில் விளையாட்டு ஒன்றுமில்லை. பழைய அணிகளைத் திரட்ட, மூட்டுவலியோடு தெருத்தெருவாகப் போயிருக்கிறார். பட்டறை அணிப் பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்: "ஏலே சவரி, மண்டிக்காரரு போட்டோ எடுக்க எங்க பயலுக ஓடணுமாலே? கப்பைச் சென்னைக்காரன் கையில குடுக்குறதுன்னு முடிவு பண்ணிட்டு, எங்களை எதுக்குலே கூப்பிடுற?"

அதற்கு இவர், "ஆடி ஜெயிச்சவனுக்குத்தான் கப்பு. சும்மா எவனுக்கும் கெடைக்காது, சென்னைக்காரனுக்கும் கெடைக்காது, எம் மவனுக்கும் கெடைக்காது. அது தப்புச்சுன்னா அப்பறம் இந்த மைதானத்துப் பக்கமே என்னைப் பாக்க மாட்டீக," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தினமும் மாலை அந்த மைதானத்துச் சுவரில் உட்கார்ந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் முடியும். எட்டு அணிகள் அந்த வாக்கை நம்பிப் பெயர் கொடுத்தன. ஒன்பதாவதாக மேட்டுத்தெரு அணி. அதன் கேப்டன் சவரிமுத்துவின் மகன் கிளமெண்ட்.

இந்தக் கடைசித் தகவலை என் மனம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டது. வேண்டுமென்றே அல்ல, பழக்கம்.

4

இதற்கிடையில் இங்கே எனக்கு ஒரு கொடி பிடிக்கும் வேலை வந்தது. ரியாவின் பெண்கள் அணிக்கு எல்லைக்கோட்டில் நிற்க ஆள் இல்லை. நான் நிற்கிறேன் என்றேன். உடனே நிற்க முடியுமா? என்மேல் குற்ற வழக்கு இல்லை என்று சான்று வாங்கினார்கள். குழந்தைகளைப் பார்த்துக் கத்தாமல் இருப்பது எப்படி என்று கணினியில் ஒரு பாடம், அதற்கு ஒரு தேர்வு. திண்டுக்கல்லில் கொடி பிடிக்கிறவருக்கு ஒரே தகுதிதான் கேட்போம்: முடிவு பிடிக்காத கூட்டம் துரத்தினால் ஓட முடியுமா?

கடைசியாக நேரில் ஒரு வகுப்பு. நடத்திய பெண்மணி எல்லாம் சொல்லி முடித்ததும் எழுந்து நின்று, "ஐ ஹேவ் எ டவுட்," என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எதை நம்ப மறுக்கிறீர்கள் என்று கேட்டார். நம் ஊரில் வகுப்பில் கேள்வி கேட்பதற்கு அதுதான் வாசகம், இங்கே அது குற்றச்சாட்டு. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் அந்த வாசகம் வாயை விட்டுப் போகவில்லை. பந்தைக் கைகளால் எறிவது பற்றி ஒரு விளக்கம்தான் கேட்க வந்தேன் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

வீட்டில் ஊர்ப் போட்டியின் விதிகளை எழுதிக்கொண்டிருந்தபோது ரியா எட்டிப் பார்த்தாள். கிளமெண்ட் யார் என்று கேட்டாள். உன் அம்மாவின் தாய்மாமன் மகன், ஆகவே உனக்கு முறைப்படி, என்று நான் தொடங்கி இரண்டாவது படி ஏறுவதற்குள், "ஓகே, கஸின்," என்று முடித்துவிட்டாள். அத்தனை முறைகளையும் அடைத்துவைக்க அவளுக்கு ஒரு டப்பா போதும். என் மகள் ஷீலாவுக்கு இரண்டு டப்பா தேவைப்பட்டது. அவளாவது அங்கிள் ஆன்ட்டி என்று பிரிப்பாள்.

"பெனால்டி வச்சா என்ன தாத்தா? அதுதானே எக்சைட்டிங்?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் எக்சைட்டிங்தான்."

"நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. அதான் இவ்ளோ ரூல் எழுதுறீங்க," என்றாள்.

நம்பிக்கை உள்ளவன் எழுதிய விதிகளால் எத்தனை சங்கங்கள் நீதிமன்றத்தில் நிற்கின்றன என்று அவளுக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன். காதில் ஏதோ செருகிக்கொண்டு போய்விட்டாள்.

5

மே மாதம் போட்டி தொடங்கியது. சென்னை அணி முனகிக்கொண்டே முதல் சுற்றுக்கு வந்தது. நத்தம் அணியை அவர்கள் பயிற்சிக்கு வந்த பையன்களாக நினைத்திருக்க வேண்டும். இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கி, குடிக்கத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவழியாக ஜெயித்தார்கள். அந்தச் செய்தி ஊருக்குள் பரவியதும் மறுநாளில் இருந்து கூட்டம் வந்தது என்றார் சவரிமுத்து. நான் அவரிடம் நடுவர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டேன்.

இறுதியாட்டத்தில் சென்னை அணியோடு மோதியது மேட்டுத்தெரு. அன்று நான் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தபோது, அங்கே அந்தி, கைப்பேசி அடித்தது. பின்னணியில் ஊரே இரைந்தது.

"மாப்ள, ஒண்ணுக்கு ஒண்ணு. எக்ஸ்ட்ரா டைமும் முடிஞ்சிருச்சு. பந்து தெரியல, இருட்டிருச்சு."

"அப்புறம் என்ன? ரூல்தான் இருக்கே."

"செத்த இருங்க, இவரு பேசணுமாம்."

செல்லமுத்து வாங்கினார். "சார், பரிசு குடுக்க வந்த கட்சித் தலைவர் ரெண்டு மணி நேரமா மேடையில உக்காந்திருக்காருங்க. ஆளுக்கு அஞ்சு பெனால்டி, பத்து நிமிசத்துல முடிச்சுப்போடலாமுங்க. லைட்டுக்கு வண்டிய நிறுத்தி ஹெட்லைட்டப் போட்டுக்கறமுங்க."

"ரூல்ல இல்லீங்களே."

"ரூலு நீங்க எழுதுனதுதானுங்க?"

"அதனாலதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அடுத்து சென்னை அணியின் மேலாளர். படித்த, மரியாதையான குரல். "சார், எங்களுக்கு இன்னிக்கு ட்ரெயின் சார். பசங்களுக்கு டியூட்டி இருக்கு. ஜாயிண்ட் வின்னர்ஸ்னு அனௌன்ஸ் பண்ணிடுங்க. ஆறு மாசம் எங்ககிட்ட, ஆறு மாசம் அவங்ககிட்ட. உங்க ஊர் வழக்கமே அதுதானாமே?"

"யார் சொன்னது?"

"அவங்க கேப்டன்தான் சார்."

கிளமெண்டைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே வந்தான். "ஆமா மாமா, நாந்தான் சொன்னேன். சென்னை டீமோட சேந்து கப்பு தூக்குனா நமக்குப் பெருமதானே? ரெண்டு பேரும் சந்தோசமாப் போயிருவோம்."

"ரெண்டு பேரும் சந்தோஷமாப் போறதுக்கு அது கல்யாண வீடு இல்ல அப்பு. அப்பாகிட்ட போனைக் குடு."

சவரிமுத்து வாங்கினார். போனை அணைக்காமலேயே மைக்கைப் பிடித்திருக்கிறார். கரகரவென்று கேட்டது: "அன்பான ரசிகப் பெருமக்களே, நாளை மாலை மறு ஆட்டம்." கூட்டம் போட்ட சத்தத்தில் என் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. தலைவர், வந்ததற்கு யாரோ ஒருவருக்குச் சால்வை போர்த்திவிட்டுக் காரில் ஏறிப் போனாராம்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் எனக்கு அது உறைத்தது. சென்னை அணி அன்றே ரயில் ஏறிவிடும். வராத அணி தோற்ற அணி. கோப்பை மேட்டுத்தெருவுக்கு, அதாவது மச்சான் மகனுக்கு. தனியாக எடுத்து வைத்திருந்த தகவல் தானாக வந்து பொருந்தியது. உடனே கூப்பிட்டேன்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். சென்னைக்காரங்க போயிட்டா கப்பு கிளமெண்டுக்கு. அந்தக் கணக்குலதான் இவ்வளவு உறுதியா நிக்கிறீங்களா?"

"அந்த ரூலை எழுதுனது நீங்க மாப்ள," என்றார். வைத்துவிட்டார்.

6

மறுநாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்குள்ளும் பேச்சு குறைந்திருந்தது. மதியம் சவரிமுத்துவின் மனைவி லூர்து, ஞானத்துக்கு வீடியோ அழைப்பில் வந்தாள். ஞானம் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, "கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாங்க. நீங்க சந்தேகப்பட்ட திருடன் என்ன செய்றான்னு பாருங்க," என்றாள்.

மைதானம் தெரிந்தது. பந்தலும் மேடையும் இல்லை, வாடகை நாற்காலிகளைக் காலையிலேயே ஏற்றிப்போய்விட்டார்கள். ஆனால் கூட்டம் கோட்டை ஒட்டி நின்றது, சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. நடுவில் சென்னை அணியின் நீலச் சட்டைகள் நின்றன. எண்ணினேன், ஒன்பது.

"எங்க அவரு நேத்து ஸ்டேசனுக்கே போயிட்டாரு," என்றாள் லூர்து. "பிளாட்பாரத்துல நின்னு அந்த மேனேஜருகிட்ட, 'போகாதீக சார், நீங்க போனா எம் மவன் ஆடாமலே ஜெயிச்சிருவான், நான் ஊருக்குள்ள மூஞ்சிய எங்க வச்சுக்கிருவேன், இருந்து அவன ஜெயிச்சுட்டுப் போங்க'ன்னு மல்லுக்கட்டிருக்காரு. டியூட்டி இருக்கவுக போயிட்டாக. ஒம்பது பேரு நின்னுட்டாக. கோயில் மண்டபத்துல படுக்க வச்சு, நாந்தான் சோறாக்கிப் போட்டேன். கறியும், தொட்டுக்க ரெண்டு வெஞ்சனமும்."

"எதிரி டீமுக்கா?"

"உங்க மருமவன் கிளமெண்டும் இதத்தான் கேட்டான். பசியோட ஆடுனதாலதான் தோத்தாய்ங்கன்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாதாம்."

ஞானம் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதிலும் அவளுக்கு ஒரு திறமை உண்டு. ஏழு பேர் இருந்தால் ஆட்டம் நடத்தலாம் என்று நான் பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

ஒன்பது பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் வேலி போட்டமாதிரி நின்றார்கள். மேட்டுத்தெருப் பையன்கள் விடாமல் மோதினார்கள். பந்தை நடுவில் வைத்து யாரும் நலம் விசாரிக்கவில்லை. கம்பத்தில் பட்டு ஒரு பந்து திரும்பியபோது லூர்து போட்ட கூச்சலில் ரியா மாடியில் இருந்து இறங்கி வந்துவிட்டாள். ஆட்டம் முடிகிற நேரத்தில் பின்னால் இருந்து ஒரு நெடும்பந்து. ஒல்லியான நீலச்சட்டை ஒன்று தனியாக ஓடியது. அப்போது யாரோ லூர்துவை இடிக்க, எங்களுக்கு வானம் மட்டும் தெரிந்தது. மறுபடி மைதானம் தெரிந்தபோது கோல் விழுந்திருந்தது. மேட்டுத்தெரு முழுவதும் கையை உயர்த்தி ஆஃப்சைடு என்று கத்திக்கொண்டிருந்தது. கொடி உயரவில்லை. நடுவர் கோல் செல்லும் என்று மையத்தைக் காட்டினார்.

ஒரு மணி நேரத்துக்குள் என் கைப்பேசிக்கு ஒரு புகார் மனு வந்தது. பதினோரு கையெழுத்து, முதலாவது கிளமெண்ட். அந்தக் கோப்பையின் வரலாற்றில் எழுத்தில் வந்த முதல் புகார் அதுதான். கூட்டு வெற்றியாளர்கள் யார்மேல் புகார் எழுதுவார்கள்? மனுவை இரண்டு முறை படித்தேன். பிழைகள் இருந்தன, கோபம் பிழையில்லாமல் இருந்தது.

பிறகு சவரிமுத்து கூப்பிட்டார். "மேல்முறையீட்டுக் குழுத் தலைவர் அவர்களுக்கு வணக்கம். செயலாளர் பேசுறேன்."

"மச்சான்..."

"குழு விசாரிச்சு முடிவு சொல்லணும். அது வரைக்கும் கப்பு யாருக்கும் கெடையாது. வந்தவுக மண்டபத்துலதான் உக்காந்திருக்காக."

கூட்டத்தில் எடுத்த மூன்று வீடியோக்கள் வந்தன. கொடி பிடிக்கும் சான்று பெற்றவன் என்ற முறையில் நான் பார்த்தேன். என்னைவிட நன்றாகத் தெரிந்த ரியாவும் பார்த்தாள். முதல் வீடியோவில் ஆஃப்சைடு என்றாள். இரண்டாவதில் ஒரு குடை மறைத்தது. மூன்றாவதில், இல்லையோ என்றாள். திரும்பத் திரும்ப ஓட்டினாள். "தாத்தா, கிளமெண்ட் பாவம்," என்றாள்.

இதற்குள் செல்லமுத்து. "சார், நம்ம ஊருப் பசங்க. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க. இல்லீங்காட்டி ரெண்டு பேருக்குமே குடுத்துப்போடலாமுங்க?"

ஞானம் எதுவும் கேட்கவில்லை. "எங்க அண்ணன் மகன்," என்று மட்டும் சொன்னாள், தகவலாக.

குழுவின் மற்ற இருவரிடமும் பேசினேன். ஒருவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், இன்னொருவர் ரயில்வேயில் ஆடியவர். விதி தெளிவாக இருந்தது. களத்தில் நடந்ததைப் பற்றி நடுவர் சொன்னதே முடிவு, அதன்மேல் முறையீடு இல்லை. புகார் தள்ளுபடி என்று எழுதி அனுப்பினேன். ஒன்பது பேரும் கோப்பையை அதற்கு மிச்சமிருக்கும் ஒற்றைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள்.

நான் மச்சானிடம் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் பதிலும் பதிவாக வேண்டும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்: சவரிமுத்து வாக்குத் தவறவில்லை.

மறு ஆட்டம் தன்னுடைய யோசனை என்று செல்லமுத்து இப்போது மண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அடுத்த வருடம் மறு ஆட்டத்துக்கே தலைவரைக் கூப்பிட்டு, பந்தலும் போட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டார். ஆட்டம் சமனில் முடியும் என்று இப்போதே எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குத்தானுங்க உங்களக் கேக்கறது என்றார். அவரைக் கண்காணிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து கூப்பிட்டார், இந்த முறை மச்சானாக.

"மாப்ள, உங்க மருமவன் எங்கூடப் பேச மாட்டேங்குறான். வீட்டுல சோறு திங்க மாட்டேங்குறான். விடிஞ்சா மத்த பத்துப் பயலுகளையும் கூட்டிக்கிட்டு மைதானத்துக்குப் போயிர்றான். என்னடான்னு கேட்டா, அந்தக் கப்பு மேட்டுத்தெருவுக்கு வர்ற வரைக்கும் நீ எனக்கு அப்பனே இல்லங்குறான். தெருவுல ஒரு பய என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டேங்குறான் மாப்ள. அம்புட்டுப் பேருக்கும் எம்மேல கோவம்."

குறை சொல்கிற குரலில்தான் சொன்னார். இடையிடையே பெருமூச்சும் விட்டார். நான் நிறைய மனுதாரர்களின் குறைகளைக் கேட்டவன், ஒரு குரலில் எவ்வளவு வருத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மச்சான் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார் என்று சந்தேகிக்கிறேன்.